வலது கதவு

எஸ்பனோலாவில், எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில்
நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்றது
அறுபத்து நான்காம் வருடத்து செவர்லே பிக்கப்.
வாங்கியது நானூறு டாலருக்கு.
இழுத்து வந்த கூலி முன்னூற்று இருபது.
சுண்டைக்காய் கால் பணம் என்று தொடங்கும் கணக்கு.
ரமோனா சிரிக்கவில்லை.
பழைய மின்கட்டண உறை ஒன்றின் முதுகில்
"லாரி" என்று பென்சிலால் எழுதி
மாதம் எழுபத்தைந்து போட்டாள்.
"உறை காலியானால் ஸ்பானர் கீழே."
சரி என்றேன்.
சரி சொல்ல மட்டும்தான் காசு கேட்கவில்லை.

முதல் குளிர்காலம் முழுக்க
ஒரே ஒரு போல்ட்டோடு பேசிக்கொண்டிருந்தேன்.
எண்ணெய் விட்டேன், சூடு காட்டினேன்,
ஸ்பானிய மொழியில் அதன் வம்சத்தை விசாரித்தேன்.
ஒன்பதாம் நாள், நான் காபி குடிக்கப் போன நேரத்தில்
இளகியிருந்தது போலும்;
திரும்பி வந்து கை வைத்ததும் சுற்றியது,
ஒன்றுமே நடக்காதது மாதிரி.

ஹீட்டருக்குள் எலிக்கூடு: பின்யோன் கொட்டை ஓடுகள்,
சீட்டுப் பஞ்சு, யாரோ தோற்ற லாட்டரியின் பாதி.
கார்புரேட்டரை வினிகரில் ஊறவைத்த பாத்திரம்
டமாலே வேகவைக்கும் பாத்திரம் என்பது
கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில்தான் தெரிந்தது.
(அந்த மாதம் உறையில் ஐம்பதுதான் விழுந்தது.)
காலடித் தளம் இற்றுப்போய்
கீழே மண் தெரிந்த இடத்தில்
செத்த வாஷிங் மெஷினின் பக்கத் தகட்டை
வெட்டி ஒட்டினேன்.
இப்போதும் கிளட்சை மிதிக்கும்போது
வெள்ளை எனாமல் மேல் நிற்கிறது என் பூட்ஸ்.

வலது கதவு மட்டும் கிடைக்கவே இல்லை.
வெலார்டேயில் கசிமிரோ கின்டானாவின் பழைய இரும்புக் கிடங்கில்
முள்செடிக்குள் சாய்ந்து கிடந்தது ஒன்று.
அறுபது என்றான். நாற்பது என்றேன்.
நாற்பத்தைந்தும் ஒரு டஜன் டமாலேயும் என்று முடிந்தது.
எந்தப் பாத்திரத்தில் வேகவைத்தது என்று
அவன் கேட்கவில்லை.

உப்புத்தாளால் தேய்த்தேன்.
நீலம் போய் வெள்ளை வந்தது.
வெள்ளை போய்ப் புதினாப் பச்சை.
பச்சையின் மேல் கையால் எழுதிய எழுத்து
ஒவ்வொன்றாய் மேலே வந்தது,
குளத்திலிருந்து ஆள் எழுவது போல:
"ஓர்டாஸ் குழாய் வேலை.
இரவிலும் வருவோம்."
தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைத்
துரு தின்றிருந்தது.
கை நின்றுவிட்டது.
உறையில் பதினோரு டாலர் இருந்தது;
பெயின்ட்டுக்கு அது போதாது என்பதும் உண்மைதான்.

ஏப்ரலில், புழுதிக் காற்றில், முதல் ஓட்டம்.
உடம்பெல்லாம் பிரைமர் சாம்பல், ஒரு கதவு மட்டும் பச்சை.
ரிவர்சைட் சாலையில் சலவைக்கடைக்காரர் ஒருவர்
நடுரோட்டில் கை நீட்டி மறித்தார்.
"ஓர்டாஸ்! காலையிலிருந்து கூப்பிடுகிறேன், யாரையெல்லாமோ.
கடைசியில் நீயாவது வந்தாயே."
நான் ஓர்டாஸ் இல்லை என்றேன்.
அதற்குள் அவர் கடைக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்;
உள்ளே தண்ணீர் கணுக்கால் வரை.
சீட்டுக்கடியில் என் கருவிகள் இருந்தன.
போல்ட் என்றால் போல்ட்தானே?
ஒரு வால்வு, ஒரு தேய்ந்த வாஷர், இருபது நிமிடம்.
இதுவாவது ஒன்பது நாள் கேட்கவில்லை.

நாற்பது டாலரை ஈரக் கையில் திணித்தார்.
பின்பக்க விளக்கு முப்பத்தெட்டு.
மீதி இரண்டை ரமோனாவிடம் கொடுத்தேன்.
கதையைக் கேட்டாள்; உறையை எடுத்தாள்;
"லாரி"க்குக் கீழே, இடம் போதாமல் ஓரத்தில்,
"வரவு" என்று எழுதினாள்.

பெயின்ட் இன்னும் வாங்கவில்லை.
சீட்டுக்கடியில் இப்போது
அரை அங்குல வாஷர்கள் ஒரு டப்பா இருக்கின்றன,
வெள்ளை டெஃப்லான் டேப் இரண்டு சுருள்.
இந்த வண்டியில் எங்கேயும்
அவற்றுக்கு வேலை கிடையாது.